பின்னால் ஒட்டி வந்து இடித்த வண்டி: காயம்பட்டவர் இந்தியச் சட்டப்படி இழப்பீடு பெறுவது எப்படி?

"பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு." விபத்து நடந்த இடத்தில் கூடும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலான வழக்குகளில் அது சரியும்கூட. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல், இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் முதலில் குறிவைப்பதும் இதைத்தான்: "முன்னால் போனவர் காரணமில்லாமல் திடீரென்று பிரேக் போட்டார்", "பிரேக் லைட் எரியவில்லை", "இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினார்". இந்த மூன்றில் ஒன்றை அவர்கள் நிலைநாட்டிவிட்டால் உங்களுக்கு வரவேண்டிய தொகையில் 20, 30, 50 சதவீதம் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியே போகும்: இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது, அதை எப்படி நிரூபிப்பது?

முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவுப்படி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது செல்லுமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. அதை நம்பி யாரும் நாளைக் கடத்த வேண்டாம்.

இடைவெளிக் கணக்கு

80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. முன்வண்டியின் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, புரிந்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க ஓர் ஓட்டுநருக்குச் சுமார் ஒன்றரை நொடி பிடிக்கும். அதற்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். பிரேக் அதன் பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கிறது.

இப்போது பின்வண்டி 10 மீட்டர் இடைவெளியில் ஒட்டி வருகிறது என்று வையுங்கள். கார் நீளத்தில் இரண்டரை மடங்கு. நம் நெடுஞ்சாலைகளில் தினமும் பார்க்கிற இடைவெளிதான். உலர்ந்த சாலையில் முன்வண்டி முழு பிரேக் போட்டால், பின்னால் இருப்பவர் பிரேக்கைத் தொடும் நேரத்தில் முன்வண்டியின் வேகம் மணிக்கு 38 கி.மீ. குறைந்திருக்கும், 10 மீட்டரில் 8 மீட்டர் காலியாகியிருக்கும். மிச்சம் 2 மீட்டரில் அவர் எவ்வளவு அழுத்தினாலும், ஏறக்குறைய அந்த 38 கி.மீ. வித்தியாசத்தோடுதான் மோதுவார். "நானும் பிரேக் போட்டேன் சார்" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இடைவெளி அவ்வளவு குறைவாக இருந்தால் பிரேக் உதவாது.

இரண்டு நொடி விதி இதிலிருந்து பிறந்ததுதான். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் நீங்கள் அதே கம்பத்தைத் தாண்ட இரண்டு நொடியாவது ஆக வேண்டும். மழையில் நான்கு. லாரி, பஸ் போன்ற கனரக வண்டிகள் காரைவிட மெதுவாகத்தான் நிற்கும் என்பதால் அவற்றுக்கு இன்னும் அதிகம். வாக்குமூலத்தில் "ரொம்பக் கிட்ட வந்தான்" என்பதை விட, "கண்ணாடியில் அந்தக் காரின் ஹெட்லைட்டே தெரியாத அளவுக்கு ஒட்டி, இரண்டு மூன்று நிமிடமாக வந்தது" என்று சொல்வது எடை கூடியது. தூரம், எவ்வளவு நேரம், எந்த லேன்: இந்த மூன்றும் அதில் வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

2017-ம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இரு பக்கமும் கடமை வைக்கின்றன. பின்னால் வருபவர், முன்வண்டி திடீரென்று நின்றாலும் மோதாமல் நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். முன்னால் போகிறவர், தக்க காரணமில்லாமல் சடாரென்று பிரேக் போடக் கூடாது.

இதைக் கோர்ட் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இரண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் போதும். 2018-ல் வந்த ஒன்றில், லாரிக்குப் பின்னால் 10 முதல் 15 அடி தூரத்தில் வந்த கார், லாரி பிரேக் போட்டதும் அதன் மேல் மோதியிருந்தது. அந்தத் தூரம் பாதுகாப்பானதே இல்லை என்று சொல்லி, கார் ஓட்டுநர் பக்கமே கவனக்குறைவு என்று கோர்ட் முடிவு செய்தது. 2025 ஜூலையில் வந்த இன்னொன்று கோவை விபத்து ஒன்றைப் பற்றியது. கார் ஒன்று நெடுஞ்சாலையில் சிக்னல் எதுவும் தராமல் திடீரென்று நின்றது. பின்னால் வந்த பைக் அதில் மோதி விழ, அதற்குப் பின்னால் வந்த பஸ் ஏறியதில் பைக்கில் வந்த மாணவர் ஒரு காலை இழந்தார். கார் ஓட்டுநருக்கு 50, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது கோர்ட். மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்ற விளக்கம் எடுபடவில்லை. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துகிறவர் பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

ஆக, பின்னால் இடித்தவருக்கும் சில சமயம் வழக்கு இருக்கிறது. இரவில் பார்க்கிங் லைட், ரிஃப்ளெக்டர் எதுவும் இல்லாமல் சாலையில் நின்ற லாரியின் பின்புறம் மோதியவர்களும் இதில் சேர்த்தி. அப்படிப்பட்ட வழக்கில் லாரியின் பின்பக்கப் படம்தான் உயிர்நாடி. விளக்கு இருந்ததா, ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டியிருந்ததா, கார் அடியில் நுழையாமல் தடுக்கும் பின்தடுப்புக் கம்பி இருந்ததா? மறுநாளைக்குள் இதெல்லாம் புதிதாக முளைத்துவிடும் என்பதால் அன்றே எடுக்க வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில்

1. இன்ஜினை அணைத்து, ஹஸார்ட் விளக்கைப் போடுங்கள். இறங்க முடிந்தால் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். ஒட்டி வந்து மோதும் விபத்தில் மூன்றாவது, நான்காவது வண்டியும் வந்து சேர்வது சகஜம். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று சேதத்தைப் பார்ப்பதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம்.

2. 112 அல்லது 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்று சொல்பவரை நீங்களாக இழுத்து வெளியே எடுக்காதீர்கள். தீ, புகை இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

3. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம். முதலில் 20 அடி தள்ளி நின்று இரண்டு வண்டியும் லேன் கோடும் தெரிய ஒன்று, நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு சேதத்தின் நெருக்கம். டயர் தடம் இருந்தால் அதன் தொடக்கமும் முடிவும் தெரிய வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் தடம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். தடம் இல்லை என்பதால் பிரேக் போடவில்லை என்று ஆகாது.

4. உங்கள் வண்டியின் பிரேக் லைட் எரிகிறதா? எரிந்தால் யாரையாவது மிதிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். பல்ப் உடைந்திருந்தால் உடைந்த கண்ணாடியோடு அதைப் படம் எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. பிறகு "பிரேக் லைட் எரியவில்லை" என்ற வாதம் வரும்போது பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

5. இடித்த வண்டியின் நம்பர், ஓட்டியவரின் முகம். முகம் ஏன் என்றால், லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருப்பான், ஸ்டேஷனில் வேறொருவர் "நான்தான் ஓட்டினேன்" என்று நிற்பார். வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

6. டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றிவிடுங்கள். அது சுற்றிச் சுற்றிப் பழைய பதிவின் மேலேயே எழுதும். கடை, பெட்ரோல் பங்க், டோல் பிளாசா கேமராக்களும் அப்படித்தான். பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துபோகும். அதனால் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அந்த வாரத்துக்குள் எழுத்தில் கேளுங்கள், விசாரணை அதிகாரிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கோர்ட்டில் வீடியோ தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63(4) பிரிவின் கீழ் சான்றிதழ் இணைக்க வேண்டும். அது இல்லாமல் பென் டிரைவை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பும்.

"போலீஸ் வேண்டாம், இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பவரிடம் பணம் வாங்கி எழுதிக் கொடுக்காதீர்கள். கழுத்துக் காயத்தின் வலி பெரும்பாலும் அன்று தெரியாது.

மருத்துவமனையில் முதல் வாக்கியம்

பின்னாலிருந்து இடி விழும்போது சீட் உடம்பை முன்னே தள்ளுகிறது, தலை ஒரு கணம் பின்தங்குகிறது. கழுத்து எஸ் எழுத்தைப் போல வளைந்து நிமிரும். தசைநார் கிழிவதும் டிஸ்க் பிதுங்குவதும் இதில்தான். வலி, இறுக்கம், தலைச்சுற்றல் முழுதாக வெளிப்பட 24 முதல் 72 மணி நேரம்கூட ஆகலாம். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும், தசைநார் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி கைவரை இறங்கினால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் இருந்தால் தலைக்காயத்துக்குப் பரிசோதனை, உடனே.

டூட்டி டாக்டரிடம் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், ஏறிவிடும். "கீழே விழுந்துவிட்டேன்" என்று யாரோ சொல்லி அது பதிவாகிவிட்டால், மோதிய வண்டியே இல்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு இரண்டு வருடம் வாதாடும். "எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், நான் இருந்த காரை இன்ன நம்பர் வண்டி பின்னால் மோதியது" என்று சொல்லி, எழுதினார்களா என்று பாருங்கள். சின்ன வலியையும் விடாமல் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து முதல்முறையாகச் சொல்லும் முதுகுவலிக்கு விபத்தோடு தொடர்பு காட்டுவது கடினம்.

செலவைப் பொறுத்தவரை, 2025 மே 5-ல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். கொண்டுவந்து சேர்ப்பவர் பயப்பட வேண்டியதில்லை. 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

போலீஸ் ஸ்டேஷனில்

வண்டியை ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 134-வது பிரிவு. அவர் செய்வார் என்று காத்திருக்காமல் உங்கள் தரப்பில் புகார் கொடுங்கள். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125(ஏ), கொடுங்காயத்துக்கு 125(பி), உயிரிழப்புக்கு 106(1) ஆகிய பிரிவுகள் வரும். எலும்பு முறிவு இருந்தும் எஃப்.ஐ.ஆரில் 125(ஏ) மட்டும் இருந்தால், காயச் சான்றிதழைக் கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லுங்கள்.

எஃப்.ஐ.ஆர். தாமதமானதாலேயே இழப்பீடு போய்விடாது. சிகிச்சையில் இருந்தோம் என்ற விளக்கம் ஏற்கப்படும். ஆனால் புகாரில் "பின்னால் மோதியது" என்பதோடு நின்றுவிடாமல், உங்கள் வேகம், லேன், நீங்கள் பிரேக் போட்ட காரணம் (சிக்னல், குறுக்கே வந்தவர், முன்னால் நெரிசல்) ஆகியவை இருக்கட்டும். காரணமில்லாமல் பிரேக் போட்டார் என்ற வாதம் அங்கேயே அடைபடும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும் விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இது இழுக்கும். உங்கள் கையில் சேர வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை. ஆய்வாளர் அறிக்கையில் இரண்டு வண்டியின் பிரேக்கும் சரியாக இருந்தது என்று வந்தால், "பிரேக் பிடிக்கவில்லை" என்ற கதை எடுபடாது. ஆய்வு முடியும் முன் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எந்த வண்டியில் இருந்தீர்கள்?

முன்வண்டியில் இருந்தவருக்கு வழி நேரானது. பின்வண்டியின் உரிமையாளர், ஓட்டுநர், அதன் இன்சூரன்ஸ் கம்பெனி மூவர் மேலும் மனு.

நடுவண்டியில் இருந்தவருக்குக் கேள்வி வேறு: முதலில் நீங்கள் முன்வண்டியை இடித்து, பிறகு உங்களைப் பின்வண்டி இடித்ததா? அல்லது நின்றிருந்த உங்களைப் பின்வண்டி தள்ளியதா? காரில் இருந்தவர்கள் "ஒரே ஒரு இடி" உணர்ந்தார்களா "இரண்டு இடி"யா என்பதை அன்றே எழுதிவையுங்கள். முன்பக்கச் சேதமும் பின்பக்கச் சேதமும் தனித்தனியாகப் படமாக வேண்டும்.

பயணியாக இருந்தவர்தான் சட்டப்படி வலுவான இடத்தில் இருக்கிறார். இரண்டு ஓட்டுநர்களின் தவறும் சேர்ந்து விபத்து நடந்தால், பயணி இருவரில் ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் தீர்க்க வேண்டியது.

ஒட்டிப்போய் இடித்த காரில் இருந்த பயணி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தனியார் காருக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே இருந்தவருக்கு அது பொறுப்பாகாது. சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு. தவறு முழுக்கத் தன் மேலே உள்ள உரிமையாளர்-ஓட்டுநருக்கு மிஞ்சுவது ரூ.15 லட்சம் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பு மட்டுமே. அதுவும் உயிரிழப்பு, நிரந்தர ஊனம் போன்ற நிலைகளுக்குத்தான்.

மூன்று வழிகள்

தவறை நிரூபிக்கத் தேவையில்லாத வழி 164-வது பிரிவு. உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம், நிலையான தொகை. இதை வாங்கிக்கொண்டால் 166-ன் கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும். நிரந்தர ஊனம் வரக்கூடிய காயத்துக்கு அவசரப்பட்டு இதில் கையெழுத்துப் போட்டவர்கள் பெரிய தொகையை இழந்திருக்கிறார்கள்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் 161-வது பிரிவு: உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. மனு வருவாய்த் துறை அதிகாரியிடம். வண்டி பின்னர் சிக்கி, வேறு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகை கழிக்கப்படும்.

முழு இழப்பீட்டுக்கான வழி 166. நம்மூர் கோர்ட்டுகளில் எம்.சி.ஓ.பி. என்பது இதுதான். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் — இவற்றில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். இங்கே கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். கிரிமினல் கோர்ட்டில் ஓட்டுநர் விடுதலையானால்கூட உங்கள் மனு தானாக விழாது.

தொகை எப்படி வருகிறது

மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, போக்குவரத்து, சத்துணவு, வலி-வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு, எதிர்கால சிகிச்சை எனத் தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டும். கேட்காத தலைப்பில் தீர்ப்பாயம் தானாகத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரிய தொகை நிற்பது வருமானம் ஈட்டும் திறன் இழப்பில்.

32 வயது, சுயதொழில், மாத வருமானம் ரூ.25,000 என்று கொள்வோம். ஆண்டுக்கு 3,00,000. 40 வயதுக்குக் கீழான சுயதொழிலாளிக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டினால் 4,20,000. சுப்ரீம் கோர்ட்டின் சரளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி, ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 31 முதல் 35 வயதுக்கு 16, ஆக 67,20,000. தொழில்சார் ஊனம், அதாவது சம்பாதிக்கும் திறனில் போன பங்கு, 20 சதவீதம் என்றால் கிடைப்பது ரூ.13,44,000. உயிரிழப்பு வழக்கில் கழிப்பதுபோல, காயம்பட்டு உயிருடன் இருப்பவருக்குச் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது.

அந்த 20 சதவீதத்தில்தான் சண்டை முழுக்க. டாக்டர் தரும் ஊன சதவீதமும் தொழில் இழப்பு சதவீதமும் ஒன்றாக வேண்டியதில்லை என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. கழுத்துத் திருப்ப முடியாத ஓட்டுநருக்கு மருத்துவ ஊனம் 15 என்று சான்று வந்தாலும், அவர் தொழிலே போயிருக்கலாம். மேஜை வேலை பார்ப்பவருக்கு அதே 15 பெரிய இழப்பில்லாமலும் இருக்கலாம். ஆகவே நீங்கள் செய்யும் வேலையில் எந்த அசைவு தேவை, எது இப்போது முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். சிகிச்சை தந்த டாக்டரோ மருத்துவக் குழுவோ தந்த சான்றுக்கு மதிப்பு அதிகம். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு 60 சதவீதம் எழுதித் தருகிறவரின் சான்று குறுக்கு விசாரணையில் தாங்காது. வருமானத்துக்கு வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், எது உண்டோ அது.

சமரசம் பேச வரும்போது

149-வது பிரிவுப்படி இன்சூரன்ஸ் கம்பெனி, விபத்துத் தகவல் கிடைத்தபின் தன் அதிகாரி மூலம் 30 நாளுக்குள் ஒரு தொகையைத் தீர்ப்பாயத்தின் முன் முன்வைக்கலாம். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலும் பேசுவார்கள். அங்கே முடிந்துவிட்டால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. சிகிச்சை முடிந்து ஊன அளவு நிலையாகும் முன் ஒப்புக்கொள்வது நஷ்டம். எலும்பில் வைத்த தகடு எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கி இருந்தால் அதன் மதிப்பீட்டை டாக்டரிடம் எழுதி வாங்கி அந்தத் தொகையையும் சேர்த்துப் பேசுங்கள். இன்னொன்று, முழு வழக்கு முடிய வருடங்கள் ஆனாலும் மனுத் தேதியிலிருந்து வட்டி வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு 6 முதல் 9 சதவீதம் வழக்கம். சமரசத் தொகையை ஒப்பிடும்போது இந்த வட்டியையும் கூட்டிப் பாருங்கள்.

ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை, பாலிசி நிபந்தனை மீறல் என்று கம்பெனி கைகழுவப் பார்த்தால், பல வழக்குகளில் தீர்ப்பாயம் "முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று உத்தரவிடுகிறது. இடித்த வண்டிக்குப் பாலிசியே இல்லை என்றால் அந்த வழி இல்லை. உரிமையாளரின் சொத்தைத்தான் பார்க்க வேண்டும், அதனால் அவர் வண்டியை விற்றுவிடும் முன் வக்கீலிடம் போங்கள்.

தீர்ப்புத் தொகை போதவில்லை என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தகராறில் உள்ள தொகை ரூ.1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த உரிமை இல்லை. தீர்ப்பாயம் உங்கள் மேல் 20 சதவீதம் பங்குத் தவறு என்று எழுதியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எதிர்த்தும் போகலாம். வெறும் விதிமீறல் போதாது, அந்த மீறல் விபத்துக்குக் காரணமாகவும் இருந்திருக்க வேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட் நிலைப்பாடு அங்கே கைகொடுக்கும். பிரேக் லைட் வீடியோவும் இடைவெளியைப் பற்றிய உங்கள் முதல் வாக்குமூலமும் உயர் நீதிமன்றத்தில் மறுபடி எடுத்துப் பார்க்கப்படும்.